ஒறிஜினல் சுருதியும் எங்கள் ஆண்குரல்களும்

ஆடி முடியும் தறுவாயில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும். எங்கள் ஊரான உரும்பிராயில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறபடும். ஒழுங்கைகளில் வாடகைக் கார்கள் நிற்கும். வந்தவர்கள் திரும்ப விமானம் ஏறுவதற்குள் ஆவணியில் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியச் சடங்கு, யாரோ ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள், ஒரு குடிபூரல் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடுவார்கள். பந்தி முடிந்ததும் கரோக்கி செற் பூட்டப்படும். அந்த நேரம் தொடங்கி எனக்கு மனம் பொறுக்காது.

பாடத் தெரியாதவர்கள் பாடுகிறார்கள் என்பது என் குறை இல்லை. அவர்களும் பாடத்தான் வேண்டும்; சொந்தக்காரருக்கு நடுவில் பாடாமல் வேறெங்கே பாடுவது? நன்றாகப் பாடக்கூடிய ஆண்கள், தங்களுக்கு ஒத்துவராத பாட்டை ஒத்துவராத சுருதியில் எடுத்து, தங்கள் குரலைத் தாங்களே நாசமாக்குகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்களுடைய குரல் எனக்குத் தெரியும். கோயிலில் பூசை முடிவில் கைகூப்பி நின்று தேவாரம் பாடும்போது கேட்டிருக்கிறேன். மண்ணிறமான, அடியில் கனமுள்ள, பிசிறில்லாத குரல்கள். அதே மனிதர் மைக்கைப் பிடித்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் பாட்டைத் தொடங்கினால் பல்லவி ஒருமாதிரிப் போகும். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், குரல் இரண்டாகப் பிளக்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அவரும் பாட்டு முடிந்ததும் மைக்கை அவசரமாகக் கொடுத்துவிட்டு, தொண்டை கட்டியிருக்கு என்று சொல்லிக்கொண்டு போய் இருப்பார். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. சுருதிதான் அவருடையது இல்லை.

பல காலம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோட் வாசித்தவன் நான். குழு இருந்த நாளில் பாட வருகிறவரிடம் முதல் கேள்வியே சுருதி எது என்பதுதான். அவருக்குத் தெரியாவிட்டால் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டு, கை அங்கே போய்விடும். கிற்றார்க்காரரும் அதற்குத் தக்கதாகப் பிடித்துக்கொள்வார். பாடகர் மேலே போகமுடியாமல் திணறினால் அடுத்த ஒத்திகையில் இன்னும் அரைக்கட்டை இறக்குவோம். இப்போது யூரியூப்பில் ஒரு ட்ராக் தேடி எடுக்கிறார்கள். அது சென்னையில் ஒலிப்பதிவான சினிமாச் சுருதியிலேயே இருக்கிறது. அதில் பாட எங்கள் ஊர்த் தொண்டைகளைக் கட்டாயப்படுத்துகிறார்கள்.

“அண்ணை, ஒரு மூண்டு குறைச்சுப் போடட்டோ?”

“வேண்டாம் தம்பி, ஒறிஜினலிலயே விடு. குறைச்சுப் பாடினா அது பாட்டே?”

இந்த உரையாடல் எனக்கு மனப்பாடம். குறைப்பது தோல்வி என்று நினைக்கிறார்கள். சுருதியை இறக்குவது ஏமாற்று வேலை, ஏலாதவன் செய்கிற காரியம் என்று ஒரு எண்ணம் எங்கள் ஆண்களின் தலைக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. இந்த எண்ணத்தோடுதான் என் சண்டை.

கரோக்கி பிறந்த கதையைக் கேட்டால் இந்த எண்ணம் எவ்வளவு தலைகீழானது என்று விளங்கும். யப்பானில் கோபே நகரத்து இரவு விடுதிகளில் வாடிக்கையாளர் பாடும்போது பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் டைசுகே இனோவே. அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஒரு கொம்பனித் தலைவர். சாதாரணமாக வாசித்தால் அந்த மனிதரால் சேர்ந்து பாட முடியாது. இனோவே வாசித்தால் மட்டும் பாட முடியும்; ஏனென்றால் அவர் குரல் எங்கே நிற்கும், எந்த வேகத்தில் போகும் என்பது இனோவேக்குத் தெரியும். வெந்நீரூற்று விடுதிக்கு ஊழியர்களோடு சுற்றுலாப் போகும்போது கூட வரச்சொல்லி அவர் கேட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் சுருதிக்கும் வேகத்துக்கும் அளவெடுத்ததுபோல வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்துவிட்டார். அதிலிருந்துதான் 1971இல் காசு போட்டால் இசை வரும் அந்தப் பெட்டி உருவானது. முதலில் 11 பெட்டிகள் செய்து கோபே விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமைகூட எடுக்கவில்லை. பாடகனிடம் இசை இறங்கிவர வேண்டும் என்பதற்காகவே வந்த பொருள் அது. அதை வைத்துக்கொண்டு பாடகனை இசைக்குப் பின்னால் ஓடவிடுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

யப்பானில் இன்றும் கரோக்கி இயந்திரத்தில் சுருதி கூட்டும் குறைக்கும் பொத்தான் எல்லோரும் அழுத்துகிற ஒன்று. மூலச் சுருதிக்குத் திரும்பத் தனிப் பொத்தானே இருக்கிறது என்றால், அதை விட்டு விலகிப் பாடுவது எவ்வளவு வழமை என்று பாருங்கள். தாழ்ந்த ஆண்குரலுக்கு அங்கே தனி மரியாதையும் உண்டு. பிராங்க் நாகாய் என்ற பாடகர் 1957இல் தோக்கியோவின் யூராக்குச்சோ பகுதியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடிப் பெரும் புகழடைந்தார். அவர் குரல் உச்சிக்குப் போகிற குரலே இல்லை. அடித்தொண்டையில் மெல்ல நடக்கிற குரல். அந்தத் தாழ்குரலுக்காகவே யப்பானியர் அவரைக் கொண்டாடினார்கள்.

எங்கள் பக்கம் மட்டும் என்ன குறை? பி.பி. ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். ஜெமினி கணேசனுக்கு அவர் பாடிய பாட்டுகள் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவதுபோல இருக்கும். ஏ.எம். ராஜா இருக்கிறார், ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘தேன் நிலவு’ (1961) படங்களுக்குத் தானே இசையமைத்துத் தானே பாடியவர். சி.எஸ். ஜெயராமன் இருக்கிறார். கே.ஜே. யேசுதாஸின் தாலாட்டு மாதிரியான பாட்டுகளும் பி. ஜெயச்சந்திரனின் பாட்டுகளும் இருக்கின்றன. இவற்றிலும் ஏறும் இடங்கள் உண்டு, ஆனால் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கினால் எங்கள் ஆண்களில் பெரும்பாலானோர் நிம்மதியாகப் பாடலாம். ஆனால் மைக் கைக்கு வந்ததும் மனம் போவது டி.எம். சௌந்தரராஜனின் வீரப்பாட்டுக்கும், சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலுக்கும், ‘கேளடி கண்மணி’ (1990) படத்தில் எஸ்.பி.பி. மூச்சுவிடாமல் பாடுவதாக வரும் அந்தப் பாட்டுக்கும்தான். அந்தப் பாட்டில் மூச்சு முட்டி நடுவில் நின்றுபோன எத்தனையோ நல்ல குரல்களைப் பார்த்துவிட்டேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் ஆண்பிள்ளையின் பதின்மூன்றாம் வயதுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்காத ஒழுங்கை இல்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். இங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில், மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றிருந்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் போய்ப் பாருங்கள்: சின்ன வகுப்புகளில் பெடியன்களும் இருப்பார்கள், அக்காமாரோடு ஐந்து கட்டையில் சேர்ந்து பாடுவார்கள். பிறகு மகரக்கட்டு வரும். பெடியனுக்குக் குரல் உடையும், பாடினால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த வருடத்தோடு அவன் சங்கீத வகுப்பை விட்டு ரியூசனுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விடுவான். குரல் உடைந்து, ஆறிப் புதுக்குரலாய் நிலைபெறும்போது, “தம்பி, உன்ர குரல் இப்ப ஒண்டரைக் கட்டையில நிக்குது, இதில பாடு” என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. பெண்பிள்ளை தன் சுருதியை அறிந்து வளர்கிறாள். ஆண்பிள்ளை தன் சுருதி தெரியாமலே ஐம்பது வயதுக்கு வந்து, கலியாண வீட்டில் மைக்கைப் பிடிக்கிறான்.

உடலின் கணக்கு எளிமையானது. வளர்ந்த ஆண் பேசும்போது குரல்நாண்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 தடவை அதிரும்; பெண்ணுக்கு அது 200ஐச் சுற்றி இருக்கும். பயிற்சியில்லாத ஆணின் நெஞ்சுக்குரல் 300ஐக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் நின்று பிடிக்க மறுக்கும். அதற்குமேல் கத்த வேண்டும், அல்லது பொய்க்குரலுக்கு மாறவேண்டும். சினிமாப் பாடகர்கள் அந்த எல்லையில் வேலை செய்யப் பழகியவர்கள். அதுவும் டூயட் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுருதி. பெண்குரலுக்கு இதமான இடத்தில் வைத்தால் ஆண் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். கச்சேரி மேடையில் ஆண் வித்துவான்கள் ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு என்றுதான் சுருதி வைக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சாதகம் செய்தவர்களே தங்கள் குரலுக்குத் தக்கதாக வைக்கும்போது எங்களுக்கு என்ன வீராப்பு?

இன்னும் ஒன்று. உயர்ந்த சுருதி ஒருகாலத்தில் தேவையாக இருந்தது. 1933இல் இளவயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய நாளில் ஒலிபெருக்கி கிடையாது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டுமென்றால் உச்சத்தில்தான் பாடவேண்டும். மைக் வந்தபிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. வாத்தியத்திலும் சுருதி இறங்கியதுண்டு. தவிலும் நாகஸ்வரமும் எங்களுக்குப் புதிதா? பக்கத்து ஊரான இணுவில் அந்தக் கலைக்குப் பெயர்போனது. சுருதி உயர்ந்த திமிரி நாகஸ்வரம் ஓங்கியிருந்த காலத்தில் சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தைப் பரப்பியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருக்கு அதனால் மதிப்புக் குறைந்ததா? நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்றுதான் இன்றும் சொல்கிறோம். கையில் மைக்கையும் முற்றத்தில் ஆளுயரப் பொக்ஸையும் வைத்துக்கொண்டு, கொட்டகைக் காலத்தவர் மாதிரி ஏன் தொண்டையைக் கிழிக்கவேண்டும்?

ஒறிஜினல் மீதான பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பாசம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்று ஐம்பதைத் தொட்டு நிற்கிற ஆண்கள் 1990களின் முன்பாதியில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெடியன்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் கசெற் போட்டு எஸ்.பி.பி.யைக் கேட்டவர்கள். ஒவ்வொரு பாட்டும் உழைத்துக் கேட்ட பாட்டு. அதில் ஒரு சுரம் மாறினாலும் அவர்களுக்கு நெஞ்சில் குத்தும். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். பெடல் சுற்றுகிற கை களைத்தால் டைனமோ தளரும், கசெற் மெதுவாகும், பாட்டின் சுருதி இறங்கும். நீங்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட எஸ்.பி.பி. பல இரவுகளில் ஒறிஜினல் சுருதியில் பாடவேயில்லை. அப்போதும் அது உங்களுக்கு எஸ்.பி.பி.யாகத்தானே இருந்தது?

மனதில் ஆறாமல் கிடக்கிற ஒரு காட்சி உண்டு. சுவிசிலிருந்து வந்த ஒரு தகப்பன், மகளின் சாமத்தியச் சடங்கில், ‘விஸ்வாசம்’ படத்தில் (2019) சித் ஸ்ரீராம் பாடிய அந்தத் தகப்பன் பாட்டை எடுத்தார். மாதக்கணக்காக அங்கே வேலைக்குப் போகும் வழியிலெல்லாம் காருக்குள் பாடிப் பழகினவராம். சித் ஸ்ரீராமின் குரல் மேலே மிதக்கிற குரல். இவருக்கோ கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் படலைக்குக் கேட்கிற கனத்த குரல். முதல் இரண்டு வரியிலேயே மகள் தலைகுனிந்துவிட்டாள். பின்னால் இருந்த இளசுகள் சிரித்தார்கள். நாலு அரைச்சுரம் கீழே போட்டிருந்தால் அந்தக் கனத்த குரல் அந்தப் பிள்ளையை அழவைத்திருக்கும். மண்டபமே அமைதியாகக் கேட்டிருக்கும். பொத்தான் பக்கத்தில்தான் இருந்தது. செற்காரப் பெடியன் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எக்கோவை மட்டும் கூட்டிவிட்டான். பிழைபோகிற குரலுக்கு எக்கோ மருந்து என்று எவர் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அது பிழையை நாலு தரம் திரும்பக் கேட்கவைக்கும், அவ்வளவுதான்.

பாட்டைத் தெரிவு செய்வதிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கலியாண வீட்டில், மாப்பிள்ளை பொம்பிளை மாலையோடு இருக்கும்போது, காதலி விட்டுப்போன சோகத்தைப் பாடுகிறார்கள். சிவாஜி கணேசன் திரையில் உடைந்து அழுத பாட்டை உருகி உருகிப் பாடுகிறார்கள். பாடுகிறவருக்கு அது பிடித்த பாட்டாக இருக்கலாம். வந்திருக்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நீண்ட இடையிசை உள்ள பாட்டை எடுத்துவிட்டு, வயலின் ஓடி முடியுமட்டும் மைக்கோடு திகைத்து நிற்கிறார்கள். சபைக்குப் பாடுகிறவர் தன்னை மட்டும் பார்க்கக்கூடாது. பின்வரிசையில் கதிரையில் இருக்கிற அம்மம்மாவின் வாய் அசைகிறதா, குசினிப் பக்கம் நிற்கிற மச்சாள்மார் எட்டிப் பார்க்கிறார்களா, சின்னன்கள் கை தட்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அதில் பாடப்போகிறவர் தன் குரலுக்கு வாய்த்த இடத்தில் எடுத்தார், சபை அவரோடு இருந்தது.

சபையைச் சேர்த்து இழுக்கிற பாட்டுத்தான் வேண்டுமென்றால் எங்களிடம் இல்லாததா? 1970களில் ஈழத்துப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ தெரியாத யாழ்ப்பாணத்தான் இருக்கிறானா? கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அவர் பாடிய பாட்டு? 2018இல் காலமான ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து போய் 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. இவை எல்லாம் ஆண்குரலுக்கென்றே பிறந்த பாட்டுகள். மெட்டு பேச்சுக்குரலுக்குப் பக்கத்திலேயே நடக்கும், உச்சி ஏறும் இடமில்லை, மூச்சு முட்டும் இடமில்லை. பைலாத் தாளம் வந்தால் இருக்கிற கால் தானாக ஆடும். திரும்பத் திரும்ப வருகிற அடியைச் சபை தானே பிடித்துக்கொள்ளும். பாடுகிறவர் பாதியை மறந்தாலும் மீதியைச் சனம் பாடிமுடிக்கும். தமிழ் சரியாகப் பேசவராத கனடாப் பேரப்பிள்ளைகூட ஒரு தரம் கேட்டால் சேர்ந்து பாடும்.

ஆனால் செற்காரரிடம் கேட்டால் சினிமாப் பாட்டுத்தான் கோப்புக் கோப்பாக இருக்கிறது. எங்கள் பாட்டு என்றால் போனில் தேடி, சத்தம் மங்கிய ஏதோ ஒன்றைப் போடுகிறார்கள். சனமும் கேட்பதில்லை, அவர்களும் சேர்ப்பதில்லை. இந்த மண்ணில் பிறந்த பாட்டு இந்த மண்ணில் நடக்கிற கலியாணத்தில் ஒலிக்காமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனவே கேட்கிறேன். செற் வாடகைக்கு விடுகிற தம்பிமாரே, பாட வருகிற ஒவ்வொருவரையும் தொடங்கமுன் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேளுங்கள்; சுருதிப் பொத்தானில் ஒன்றோ மூன்றோ ஐந்தோ, தேவையான அளவு இறக்கிப் போடுங்கள்; எக்கோவைக் கைவிடுங்கள். சங்கீத ஆசிரியர்களே, குரல் உடைந்த பெடியன்களை வகுப்பை விட்டுப் போகவிடாதீர்கள். ஒரு வருடம் பொறுத்து அவர்களுடைய புதுச் சுருதியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். இங்கே கீபோட்டும் கிற்றாரும் வாசிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உரிமையுள்ளவர்களிடம் கேட்டு, எங்கள் பொப்பிசைப் பாட்டுகளுக்கு ஆண்குரலுக்கு ஏற்ற சுருதியில் நல்ல கரோக்கி ட்ராக் செய்து தாருங்கள். அடுத்த ஆவணிக்கு முன் செய்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டுச் சனம் வரும்போது கையில் இருக்கவேண்டும்.